மூளிக் காசும் பதினோரு புளியமரமும்

கங்கப்பனுக்குச் சர்க்கார் ஆபீஸ் என்றால் பயம் கிடையாது, நம்பிக்கைதான் கிடையாது. இந்த இரண்டில் பயம்தான் தேவலை. பயந்தவன் தள்ளி நின்று தப்பித்துக்கொள்வான். நம்பாதவன், எல்லாவற்றையும் நாமே சரியாகச் செய்துவிட்டால் அவர்களால் நம்மை என்ன பண்ண முடியும் என்று நினைத்துக் கிட்டே போவான். கங்கப்பன் கிட்டே போனான்.

ஐம்பத்தேழாம் வருஷம், பங்குனி மாதம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பெரிய ரோட்டில், இரண்டு மைல்கல்லுக்கு நடுவே பதினோரு புளியமரம். மரம் சர்க்காருடையது, காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். மார்கழியில் விட வேண்டிய ஏலம் அது. அந்த வருஷம் புதிதாக வந்த ஆபீசர் மரத்தை எண்ணிப் பார்த்தார். பழைய புத்தகத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. ஒரு மரம் எங்கே போயிற்று என்று மேலே எழுதிக் கேட்டார். மேலேயிருந்து, பன்னிரண்டாவது மரம் எப்போதும் இருந்ததில்லை, ஆனாலும் அதைத் தேடவும் என்று பதில் வந்தது. தேடி முடித்து ஏலம் விடும்போது பழம் ஓடு வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

கங்கப்பன் அறுபத்தோரு ரூபாய் ஒன்பதணாவுக்கு எடுத்தான். ஆசைப்பட்டு எடுக்கவில்லை. தை மாதம் அவனுடைய ஜோடி மாட்டில் ஒன்று செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்து ஏர் கட்ட முடியாது. புளியை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து பெங்களூர் மண்டிக்கு ஏற்றினால் ஒரு மாடு வாங்கலாம். மழைக்கு முன்னால் உழுது ராகி விதைக்கலாம். ரங்கம்மாவின் வெள்ளிக் காப்பும் இரண்டு ஆடும் போய்த்தான் அறுபத்தோரு ரூபாய் வந்தது. ஒரே ஒரு கவலை, கோடை மழை. இறங்குவதற்குள் உலுக்கிவிட வேண்டும். நனைந்த புளியை மண்டிக்காரன் மோந்துகூடப் பார்க்க மாட்டான்.

பதினைந்து நாளைக்குள் பணத்தைத் தாலூகா கஜானாவில் கட்ட வேண்டும். கட்டினால் சலான். சலானைக் காட்டினால் பாஸ். பாஸ் இருந்தால்தான் மரத்தைத் தொடலாம். எந்தத் தாலூகா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆபீஸில் இருப்பவர்கள் அது நாங்கள் இல்லை என்று மனு போடுவார்கள், அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள்.

நடுவில் ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. அணா போய் நயா பைசா வந்தது. ஒன்பதணாவுக்கு ஐம்பத்தாறு நயா பைசா என்று கஜானாச் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். கணக்குப்படி இன்னும் கால் பைசா மீதி இருந்தது. அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, கங்கப்பனும் கேட்கவில்லை. பழைய எட்டணாக் காசு ஒன்று ஐம்பதுக்குச் செல்லும். பாக்கிக்கு ஒரு சதுர ஐந்து பைசாவும் ஒரு வட்ட ஒரு பைசாவும் வேண்டும். அன்றைக்கே கஜானா ஜன்னலில் புதுக்காசு கொடுத்தார்கள். கங்கப்பன் காலையிலிருந்து வரிசையில் நின்று, ஜன்னலுக்குள்ளிருந்து ஷராப்பு ராஜப்பன் தள்ளிய புதுக்காசுகளை வாங்கி, பார்க்காமல் இடுப்பில் முடிந்துகொண்டு வந்தான். காசு வாங்கிப் பரிசோதித்துப் பெட்டியில் போடுகிற வேலை ஷராப்புடையது. அவரே பார்த்துக் கொடுத்ததை நாம் என்ன பார்ப்பது?

எட்டு நாள் கழித்து அதே ஜன்னலுக்குப் போனான்.

ராஜப்பன் நோட்டை எண்ணினார். எட்டணாவைக் கல்லில் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சதுரக் காசைத் திருப்பிப் பார்த்தார். வட்டக் காசை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாய்யா இது?"

"காசுங்க சாமி."

"காசுன்னு எனக்குத் தெரியாதா? ஓரத்தை யாரு கடிச்சது?"

கங்கப்பன் அப்போதுதான் அதைப் பார்த்தான். ஓரத்தில் மூன்றாம் பிறை அளவுக்கு ஒரு துண்டு இல்லை. மூளிக் காசு.

"நீங்க குடுத்ததுதானுங்க. ஒண்ணாந்தேதி, இதே ஜன்னல்ல."

அது உண்மை. வேறு எதையாவது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான்.

ராஜப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் பாத்துத்தான் குடுப்பேன். பாத்துக் குடுத்தா மூளி வெளிய போவாது. மூளி வெளிய போயிருந்தா நான் பாக்கலன்னு ஆவும். நான் பாக்காம குடுக்கறவன் இல்ல. அப்போ யாரு கடிச்சிருக்கணும்? நீயே சொல்லு."

"வேற காசு குடுத்துடறேன் சாமி." பின்னால் நின்றவனிடம் கங்கப்பன் ஒரு நயா பைசா வாங்கி நீட்டினான்.

ராஜப்பன் மூளிக் காசை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இதை நான் பாத்துட்டேனே! பாத்ததைப் பாக்கலன்னு எப்பிடி எழுதறது? வா, டிப்டி தாசில்தார் ஐயா கிட்ட."

டிப்டி தாசில்தார்தான் கஜானாவுக்குத் தலை. பேசும்போது மேஜை மேலிருந்த கண்ணாடி உருண்டையைத் தடவிக்கொண்டே பேசுவார். காசை ஒரு தாளின் மேல் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தார்.

"காசில் குறை இரண்டு வகை," என்றார். "ஒன்று பிறவி மூளி. மிண்டில், அதாவது நாணயச்சாலையில், அடிக்கும்போதே நேர்ந்தது. அப்படியென்றால் கஜானா மரியாதையாக அதை வாங்கிக்கொண்டு நல்ல காசு தர வேண்டும். இரண்டாவது செய்மூளி. ஜனங்கள் வெட்டியோ, ராவியோ, கடித்தோ செய்தது. அப்படியென்றால் கொண்டுவந்தவனைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். நடுவில் மூன்றாவது கட்டம் கிடையாது. உன் காசு எந்தக் கட்டம் என்று தெரிகிறவரை சலான் நகராது."

"எசமான், ஓட்டைக் காலணா இருந்துச்சுங்களே. நடுவுலயே அம்மாம் பெரிய ஓட்டை. அதை யாரும் கேக்கலீங்களே?"

டிப்டி தாசில்தார் உருண்டையிலிருந்து கையை எடுத்தார். "அது சர்க்காரே அனுமதித்து மஞ்சூரான ஓட்டை," என்றார்.

பிறகு காசு யார் கையில் இருப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நல்ல காசோடு கெட்ட காசைக் கஜானாவில் வைக்க விதியில்லை. ஆகவே விசாரணை முடிகிறவரை காசு கங்கப்பனிடமே இருக்கும். கூப்பிடும்போதெல்லாம் கொண்டுவர வேண்டும். தொலைத்தால் தடயத்தை அழித்த குற்றம். அறுபத்தோரு ரூபாய் ஐம்பத்தைந்து நயா பைசாவைக் கஜானா வாங்கி வைத்துக்கொண்டது, அதில் ஒரு குறையும் இல்லாததால்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது ரங்கம்மா காசை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுக்காயா பாஸ் இல்லன்னுட்டான்? ஒரு பைசாவுக்கா?"

"ஒரு பைசாவுக்கு இல்ல. அதுல கொறையிற துண்டுக்கு."

"அது கால் பைசாகூட ஆவாதேய்யா!"

"ஆவாதுதான்."

ரங்கம்மா காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதிலிருந்து அவள் எங்கே போனாலும் சர்க்கார் தடயமும் கூடவே போயிற்று.

முதலில் ஒரு படிவம் வந்தது. இருபத்திரண்டு கேள்வி. கங்கப்பனுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், ராஜப்பனே படித்துக் காட்டினார். ஏழாவது கேள்வி: நாணயம் அச்சடிக்கப்பட்டபோது மனுதாரர் எங்கே இருந்தார்?

"எப்போ அடிச்சாங்கன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

"தெரியாதுன்னு எழுதினா ஒளிக்கறேன்னு ஆவும்."

"சரி, காட்டுல களை எடுத்துனு இருந்தேன்னு எழுதிக்குங்க."

"சாட்சி?"

"மாடு இருந்துச்சு. செத்துப்போச்சு."

சாட்சி காலமானார் என்று ராஜப்பன் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டில் இருக்கிற வெட்டுக் கருவிகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். கங்கப்பன் ராகி அறுக்கிற அரிவாளைக் கொண்டுபோனான். டிப்டி தாசில்தார் அரிவாளின் வளைவில் காசை வைத்துப் பார்த்தார். அரிவாளின் வளைவு பெரியது, காசின் வளைவு சின்னது. ஒத்துவரவில்லை.

"அப்படியானால் சின்ன அரிவாளை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

இந்த அளவுக்குச் சின்ன அரிவாளால் எதை அறுப்பது என்று கங்கப்பன் கேட்டான். அதைத்தான் நாங்களும் கேட்கிறோம் என்றார் அவர்.

அரிவாள் போனதும் பல் வந்தது. வெட்டு கடித்த மாதிரி இருக்கிறது என்று முதல் நாளே ராஜப்பன் சொல்லியிருந்தார் அல்லவா, அது ஃபைலில் ஏறிவிட்டது. ஃபைலில் ஏறியதைச் சோதித்தாக வேண்டும். கஜானாவில் மூட்டைக்கு முத்திரை வைக்கிற அரக்கு இருந்தது. அதைச் சூடுபண்ணி அடை மாதிரி தட்டி, கங்கப்பனைக் கடிக்கச் சொன்னார்கள். உதடு வெந்துபோனது. அரக்கில் விழுந்த பல் தடத்தைக் காசோடு வைத்துப் பார்த்தால், கங்கப்பனுக்கு முன்பல் ஒன்று இல்லை. தடத்தில் நடுவே சந்து. காசின் வெட்டில் சந்து இல்லை.

ராஜப்பனுக்கே முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா, இவன் இல்லீங்க போலிருக்கு."

டிப்டி தாசில்தார் யோசித்தார். "பல் எப்போது விழுந்தது? காசுக்கு முன்னாலா, பின்னாலா?"

"அது ஆச்சுங்க, ஏழெட்டு வருஷம். மாடு முட்டினதுல."

"எந்த மாடு?"

"செத்ததுங்க."

"ஒவ்வொரு முறையும் அந்த மாடுதான் சாட்சியாக வருகிறது, பார்த்தீர்களா ராஜப்பன்?" என்றார் டிப்டி தாசில்தார். பல் விழுந்த தேதிக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டு எழுதினார்.

அன்றைக்குச் சாயங்காலம் வெந்த உதட்டோடு வெளியே வந்தவனை டீக்கடைச் சாந்தம்மா கூப்பிட்டாள். ஆபீஸுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை. இந்தப் பக்கம் நிப்பட்டு என்பார்கள், மற்ற ஊரில் தட்டை. அதற்கு அவள் கடை பேர்போனது. மற்றவர்கள் கையால் தட்டுவார்கள். சாந்தம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மாவைப் பலகையில் பெரிதாகத் தேய்த்து, சிகரெட்டு டின் மூடியால் வரிசையாக வெட்டி எடுத்துவிடுவாள்.

"வாயில என்னடா கங்கப்பா, ஆபீஸுல சோறு போட்டாங்களா?"

"அரக்கு போட்டாங்கக்கா."

அவள் கதையைக் கேட்டாள். ரங்கம்மாவின் முந்தானை முடிச்சு அன்றைக்குக் கங்கப்பன் கோவணத்துக்கு வந்திருந்தது. காசை வாங்கிப் பார்த்ததும் சாந்தம்மா சிரித்துவிட்டாள்.

"இதுக்கா இத்தினி கூத்து? இங்க பாரு." பலகையில் மாவு இருந்தது. ஒரு வட்டம் வெட்டி எடுத்தாள், மாவில் ஓட்டை விழுந்தது. மூடியைத் தள்ளி வைக்காமல் அந்த ஓட்டையின் ஓரத்திலேயே ஏறினாற்போல வைத்து அழுத்தி இன்னொன்று எடுத்தாள். வந்த வட்டத்தில் ஓரம் பிறை போலக் குறைந்திருந்தது. அச்சாக அந்தக் காசு.

"தகட்டுல வட்டம் வெட்றவன் என்னை மாதிரி அவசரக்காரன். தள்ளி வெக்க மறந்துட்டான். மூளியா வந்ததை அப்பிடியே அச்சுக்குப் போட்டுட்டான். இதை உங்க தாசில்தாருக்குக் காட்டு, போ."

அந்த மூளி நிப்பட்டை எண்ணெயில் போட்டெடுத்து, தேக்கிலையில் மடித்துக் கொடுத்தாள். மறுநாள் கங்கப்பன் அதை மேஜைமேல் வைத்துச் சாந்தம்மா சொன்னதைச் சொன்னான். டிப்டி தாசில்தார் நிப்பட்டையும் காசையும் பக்கம் பக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று கங்கப்பனுக்குத் தெரிந்தது. புரிந்தது முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப்போனதும் தெரிந்தது.

"பலகாரத்தை வைத்துச் சர்க்கார் மிண்டைக் குறை சொல்ல முடியாது," என்றார். "இருந்தாலும் சான்று மூன்று என்று குறித்துக்கொள்ளுங்கள்."

அதற்கடுத்த வாய்தாவில் ஃபைலைப் பிரித்தபோது சான்று மூன்று இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. இரண்டு எறும்பும் இருந்தன. சான்று எப்படி அழிந்தது என்று விசாரிக்க ஒரு தனி ஃபைல் திறந்தார்கள். ராஜப்பன் அந்த ஃபைலை மட்டும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

சித்திரை நடுவில் முதல் மழை பெய்தது.

ரங்கம்மா காலையில் ரோட்டுக்குப் போய் நின்றாள். தாழ்ந்த கிளைப் பழமெல்லாம் தரையில். லாரி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டு மேஸ்திரி எல்லப்பன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான். காய்ப்பு களவு போகாமல் பார்ப்பதும் அவன் வேலை.

"தொடாதே ரங்கம்மா. பாஸ் வருட்டும்."

"கீழ வுழுந்ததையும் தொடக்கூடாதா?"

"மரத்துல இருந்தாலும் சர்க்காரு, தரையில இருந்தாலும் சர்க்காரு."

"லாரி சக்கரத்துல ஒட்டினு போவுதே, அது யாருது? போயி பெங்களூர்ல புடிச்சினு வாயேன்."

"எங்கிட்ட ஏம்மா வாய் குடுக்கற? மேலே எழுதினவனைக் கேளு."

"மேல இருக்கறவன் மழையா இல்ல பெய்யறான்," என்றாள் ரங்கம்மா.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மேல் கிளைகள் இன்னும் தப்பித்திருக்கின்றன. காற்று இருக்கிறது, காய்ந்துவிடும். இந்த வாரம் உலுக்கினால் முழு மாடு வராது, கிழட்டு மாடு வரும். ஏர் இழுக்கிற அளவுக்கு ஒரு கிழட்டு மாடு போதும்.

கங்கப்பன் அதை டிப்டி தாசில்தாரிடம் சொன்னான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குக் குரல் உயர்ந்தது. "எசமான், இன்னொரு மழைக்குத் தாங்காதுங்க. என்னை ஜெயில்லயே போடுங்க. அவளுக்குப் பாஸ் குடுத்துடுங்க, அவ உலுக்கிக்குவா."

"ஜெயிலில் போட வேண்டுமென்றால் குற்றம் நிரூபணமாக வேண்டும். நிரூபணமாகாமல் உனக்கு நல்லதும் செய்ய முடியாது, கெட்டதும் செய்ய முடியாது. அதுதான் சட்டத்தின் கருணை. கவலைப்படாதே, மெட்ராஸிலிருந்து நாணயப் பரீட்சகர் வருகிறார்."

பரீட்சகர் வருகிற செய்தி கேட்டதும் ரங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். வேர்வையும் உப்பும் ஏறிக் காசு கருத்து, சிங்கமும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறார். அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? பித்தளைச் சொம்பு கருத்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். அடுக்களைப் பானையிலிருந்து ஒரு உருண்டைப் புளியும் கொஞ்சம் சாம்பலும் எடுத்து அழுத்தித் தேய்த்தாள். காசு புதுத் தாலி மாதிரி ஆயிற்று.

பரீட்சகர் வந்த அன்று கஜானா முற்றத்தில் நாற்காலி போட்டு மாலை போட்டார்கள். டிப்டி தாசில்தார் வரவேற்றுப் பேசினார்.

"இந்த ஒரு நயா பைசாவுக்காக இந்த ஆபீஸ் நாற்பத்திரண்டு நாளாக வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அறுபத்தேழு கடிதம் எழுதியிருக்கிறோம். தபால் செலவு மட்டும் பதினோரு ரூபாய். ஒரு பைசாதானே என்று நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. லட்ச ரூபாயாக இருந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்போம், ஏனென்றால் லட்ச ரூபாய்க்காரர் காத்திருக்க மாட்டார். கங்கப்பன் காத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் காத்திருக்கத் தயாராக இருக்கிறவரை, நீதி தாமதமாவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். கங்கப்பனும் தட்டினான். ஏன் தட்டினோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை.

பரீட்சகர் ஒல்லியான மனிதர். கங்கப்பனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பஞ்சு விரித்து அதன்மேல் காசை வைத்து, ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் குழந்தையைக் கொஞ்சுகிற குரல் ஆயிற்று.

"அடடா! பாருங்கள், வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு எழும்பவில்லை, சப்பையாக இருக்கிறது. ஒரு பக்கம் தகடு இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் விளிம்புக்கு அழுத்தம் கிடைக்காது. யாராவது பிறகு வெட்டியிருந்தால் எதிர் விளிம்பு நன்றாக இருந்திருக்கும். எழுத்தைப் பாருங்கள். உளி பட்டிருந்தால் எழுத்து அறுந்து நிற்கும், ஓரத்தில் பிசிர் இருக்கும். இங்கே எழுத்து வெட்டின் பக்கம் இழுபட்டு மெலிந்து போகிறது. தகட்டில் வட்டம் வெட்டும்போதே, முன்பு வெட்டிய ஓட்டைமேல் ஏறி வெட்டியிருக்கிறார்கள். சந்தேகமே இல்லை. பிறவி மூளி!"

சாந்தம்மா கொட்டகையிலிருந்து, "நான் நிப்பட்டுலயே சொன்னேனே!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

கங்கப்பன் ரங்கம்மாவைப் பார்த்தான். மேல் கிளை இன்னும் இருக்கிறது. நாளைக்கே ஏறிவிடலாம்.

பரீட்சகர் காசைத் திருப்பினார். குரல் மாறிற்று. "இதை யார் தேய்த்தது?"

ரங்கம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"நாந்தான் சாமி," என்றாள் ரங்கம்மா. "பெரியவரு பாக்கறீங்களே, அழுக்கா இருக்கக்கூடாதுன்னு ரெண்டு தேய் தேச்சேன்."

"மிண்டிலிருந்து வந்த தோலே போய்விட்டதே! இப்படியா ஒரு காசைக் கொலை செய்வது! எதைப் போட்டுத் தேய்த்தாய்?"

"வேறெதைப் போடுவாங்க? புளிதான்."

டிப்டி தாசில்தார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "எந்தப் புளி?"

ரங்கம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்கூட்டுப் புளி. போன வருஷத்துது. பானையில கெடக்குது, வந்து பாரு."

"அந்தப் பதினோரு மரத்துப் புளி இல்லை என்று எப்படித் தெரியும்?"

"போன வருஷத்துப் புளி கறுப்பு, இந்த வருஷத்துப் புளி சிவப்பு. இது பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

"பெண்களுக்குத் தெரிவது சான்றாகாது," என்றார் அவர். பிறகு, இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தவர்போல மெல்லச் சிரித்தார். "காசைப் பொறுத்தவரை முடிவு சொல்லிவிடுகிறேன். மூளி, பிறவி. பளபளப்பு, செய்தது. ஆகவே முதல் கட்டத்திலும் சேராது, இரண்டாவது கட்டத்திலும் சேராது. மூன்றாவது கட்டம் திறக்க அனுமதி கேட்டு எழுதுகிறேன். புளியைப் பொறுத்தவரை இது வேறு விவகாரம். புளிக்கு வேறு பரீட்சகர்."

கங்கப்பனுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அவன் காத்துக்கொண்டு நின்றான். வரவில்லை. வெந்த உதடு ஆறியபோது அந்த இடத்தில் உணர்ச்சி போயிருந்தது, கிள்ளினாலும் தெரியாது. உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

புளிக்கான பரீட்சகர் கடைசிவரை வரவில்லை. அப்படி ஒரு உத்தியோகம் இல்லை என்று இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் இரண்டாவது மழையும் மூன்றாவது மழையும் பெய்து தீர்ந்தன. மூன்றாவது கட்டம் மஞ்சூராகி வந்தது. கட்டத்துக்குப் பேர், "இதர."

மூளிக் காசைப் பரீட்சகர் அன்றைக்கே பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். அபூர்வமான காசாம். தேய்த்த பாவத்தை மன்னித்து எங்கோ கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வைகாசி போய் ஆனி பிறந்தபிறகு ஒருநாள் ராஜப்பன் ஆள் விட்டார். கங்கப்பன் போனான்.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. சலான் போட வேண்டியதுதான். ஆனா ஒரு நயா பைசா கொறையுதே."

கங்கப்பன் இடுப்பிலிருந்து ஒரு நயா பைசாவை எடுத்து வைத்தான். ராஜப்பன் அதைப் பார்க்காமலே பெட்டிக்குள் தள்ளினார். கல்லில் சுண்டவில்லை, கண்ணாடியை மாட்டவில்லை. டக்கென்று முத்திரை விழுந்தது.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமே சாமி," என்றான் கங்கப்பன். குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்திருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

"அன்னிக்கு இது விசாரணையில இருந்துச்சேப்பா," என்றார் ராஜப்பன், அன்போடு.

பாஸின் பின்பக்கம் நிபந்தனைகள் இருந்தன. எல்லப்பன்தான் படித்துக் காட்டினான். ஒன்று, மரத்தில் இப்போது வந்திருக்கிற தளிரும் பூவும் அடுத்த ஏலத்துக்கு உரியவை, தொடக்கூடாது. இரண்டு, இந்த ஏலத்தின் பழம் முழுவதும் ஏலதாரருடையது, தரையில் கிடப்பது உள்பட. மூன்று, தரையில் கிடப்பதை மூன்று நாளுக்குள் ஏலதாரர் தன் செலவில் அள்ளி ரோட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுகிய புளியில் பஸ் வழுக்குவதாகப் புகார் வந்திருக்கிறது. தவறினால் அபராதம்.

"அப்போ கீழ கெடக்கறது இன்னிக்குத்தான் எங்களுதா?" என்றாள் ரங்கம்மா.

"இன்னிக்குக் காலையிலிருந்து," என்றான் எல்லப்பன். அவன் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

அதே வாரம், விற்றுவிட்ட ஒற்றை மாட்டைப் பக்கத்து நிலத்துச் சென்னப்பன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். அவனிடமும் ஒற்றை மாடு இருந்தது, அவனுக்கு ஜோடி சேர்ந்தது. மாடு திரும்பிப் பார்க்காமல் போயிற்று. கங்கப்பனும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டான். பக்கத்து நிலங்களில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் முதல் மரத்தடியிலிருந்து ஆரம்பித்தார்கள். அவன் பெருக்கித் தள்ள அவள் கூடையில் அள்ளினாள். புளியும் மண்ணும் தாரும் சேர்ந்து களியாக இருந்தது. பெங்களூர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, ஒதுங்கி நின்றார்கள், மறுபடியும் குனிந்தார்கள். நாலாவது மரத்தடியில் ரங்கம்மா ஒரு பழத்தை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். ஓடு பாதி இருந்தது. உள்ளே கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது.

"ஏய்யா, இது மரத்துலயே கெட்டுப்போச்சா, கீழ வுழுந்து கெட்டுச்சா?"

கங்கப்பன் வாங்கினான். திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பார்த்தான்.

"தெரில," என்றான். "மெட்ராஸ்லேர்ந்து ஆளு வரணும்."

பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு ஐந்தாவது மரத்தடிக்குப் போனான்.